சந்தனத்தின் மேல் ஒட்டிய வைசர்

வண்டி ஜன்னலுக்கு வைசர் ஒட்டுகிற தொழிலில், அது நிற்கிற வரைக்கும் பேர் கடைக்கு. விழுந்தால் மட்டும் ஒட்டினவனுக்கு. அப்படி ஒன்று விழுந்துவிட்டது. ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவர் தன் புது ஜீப்பைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்துப் பின்கதவு மொட்டையாக இருந்தது.

வைசர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜன்னலுக்கு மேலே கதவுச் சட்டத்தில் புருவம் மாதிரி ஒட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. அது இருந்தால் மழையிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். காற்று காதில் அறையாது. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுகிற எல்லாருக்கும் இது வேண்டும். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் நான் செய்கிற வேலை இதுதான். நீங்களும் எங்கேயாவது கடையில் நிற்கிறவர் என்றால், அவர் கேட்ட கேள்விக்கு உங்களுக்கும் பல் நறநறக்கும்.

"இன்னாடா ஒட்டின? எச்சிலத் தொட்டு ஒட்டினியா?"

துடைக்காதே

எப்படி ஒட்டினேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முந்தின வாரம் குலதெய்வக் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். பூசாரி கை தாராளம். பானெட், கண்ணாடி, நாலு கதவுச் சட்டம் எல்லாவற்றிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார். வைசர் உட்கார வேண்டிய இடமும் அந்தச் சட்டம்தான். துணியில் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்து, காயவிட்டு, வைசரின் பின்பக்க டேப்பை அழுத்தி ஒட்ட வேண்டும். துணியைக் கதவில் வைத்தேன். ரிஷிவந்தியத்துக்காரர் பாம்பைப் பார்த்த மாதிரி குதித்தார். பூஜை போட்ட சந்தனத்தைக் கையால் துடைக்கக் கூடாதாம், தானாக உதிர வேண்டுமாம். அப்படித்தான் அவர்கள் வீட்டு டிராக்டருக்கும், நெல் அறுக்கிற மிஷினுக்கும் இதுவரை நடந்திருக்கிறதாம்.

"சந்தனம் உதிர்ந்தா அது மேல ஒட்டினதும் உதிரும்ங்க" என்றேன். கல்லாவில் இருந்த ஓனரைத் திரும்பிப் பார்த்தேன். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணன் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. போன் பேசிக்கொண்டே சொன்னார்:

"அவரு வண்டி, அவரு சாமி. உனக்கு இன்னா, ஒட்டுடா."

கழுவாதீங்க

வைசர் ஒட்டினால் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. இதை ஒவ்வொருத்தரிடமும் சொல்கிறேன். தலையை ஆட்டுகிறார்கள். களமருதூர்க்காரர் ஒருவர் மற்றவர்களைவிட நன்றாக ஆட்டினார். ஆட்டிய தலையோடு பக்கத்து வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பையன் பிரஷர் பைப்பை வைசருக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு முனை எழும்பிக் கையாட்டியது. "இப்பத்தானேங்க சொன்னேன்!" என்று கத்தினேன். அவருக்கு என் கத்தல் பெரிதாகவே தெரியவில்லை.

"சேத்தோட வூட்டுக்குப் போனா, பழைய வண்டியா வாங்கினன்னு கேப்பாங்க தம்பி."

தொங்காதீங்க

வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவர் ஒருவர். அவர் வண்டியில் உள்ளே எத்தனை பேரோ, வெளியே படியில் அத்தனை பேர். காலையில் ஒட்டிக் கொடுத்தேன், சாயங்காலம் பாதி வைசரோடு வந்தார். மீதிப் பாதி எங்கே என்றால், ஒரு பயணியின் கையோடு போய்விட்டதாம். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அது கைப்பிடிதான் என்று மலைக்குப் போகிற எல்லாரும் முடிவு கட்டியிருக்கிறார்கள்.

"அது மழைக்குண்ணே, ஆளுக்கு இல்ல. விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது?" என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவர் மட்டும் நிதானமாக உடைந்த பாதியை என் கையில் வைத்தார்.

"வளைவுல ஒரு தபா தொங்கிப் பாரு. அப்புறம் சொல்லு, எது மழைக்கு எது ஆளுக்குன்னு."

மலையிலிருந்து திரும்பி வந்தது

ரிஷிவந்தியத்துக்காரர் கத்தி முடிக்கவில்லை, ஒரு அக்கா ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினார். மலையில் அங்கன்வாடியில் வேலை. முழங்கைக்குக் கீழே கட்டு. கையில் எங்கள் வைசர். அதில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் விசாரித்து வந்திருக்கிறார். முந்தின நாள் மலை ஏறும்போது, முன்னால் போன ஜீப்பிலிருந்து இது பறந்து வந்து கையில் வெட்டியிருக்கிறது. வண்டி தடுமாறி ரோட்டோரக் கல்லில் முட்டி நின்றதாம். கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

வைசரை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். டேப் முழுக்கக் காய்ந்த சந்தனம். அக்கா ஜீப்பைப் பார்த்தார். மொட்டைக் கதவைப் பார்த்தார். அக்கா கத்தவே இல்லை.

"மூஞ்சில பட்டிருந்தா, இத யாரு எடுத்தாந்து குடுத்திருப்பா?"

அண்ணன் சொன்னது

அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அக்காவுக்குச் சேர் போட்டார். "சின்னப் பையம்மா, சரியா அமுக்காம வுட்டுட்டான்" என்றார். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "உன் தப்புதான்னு அக்காகிட்ட சொல்லு. சொல்லிட்டுப் புதுசு ஒண்ணு எடுத்து ஒட்டு." குரலைத் தாழ்த்தி, "துடைக்காத" என்றும் சேர்த்துக்கொண்டார். மொட்டைக் கதவில் சந்தனம் இன்னும் அப்படியே இருந்தது. அன்றைக்கே மலைக்குப் போக வேண்டும் என்று ரிஷிவந்தியத்துக்காரர் சாவியை ஆட்டினார்.

மற்ற மூன்று வைசரும் அதே சந்தனத்தின் மேல்தான் நின்றன. அவருக்குப் பின்னால் இன்னும் யார் யார் ஸ்கூட்டியில் போவார்களோ. நான் புதுசை எடுக்கவில்லை. முன்கதவு வைசரில் நகத்தை விட்டேன்; அப்பளம் மாதிரி கையோடு வந்தது. சுற்றிப்போய் அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றையும் அக்கா முன்னால், சந்தனம் தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்தேன். அண்ணன் "நாளைலேந்து கடைப்பக்கம் வராத!" என்று கத்தினார். அதற்கு மேல் ரிஷிவந்தியத்துக்காரர் கத்தினார்:

"நல்லா இருந்ததையும் பிச்சிட்டானேய்யா!"

அண்ணன் புதுசை ஒட்டச் சொன்னார், தப்பை ஒத்துக்கொள்ளச் சொன்னார், நாளையிலிருந்து வராதே என்றும் சொன்னார்; மூன்றில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.