ரொட்டி வாங்க இறங்கிய ஸ்டேஷன்

பாண்டிச்சேரிக்காரனுக்கு பிரான்ஸைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். தெருப் பலகையில் பிரெஞ்சு இருக்கிறது, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் கடைகள் மத்தியானம் கதவடைத்துத் தூங்கி எழுந்து, சாயங்காலம்தான் மறுபடி திறக்கும். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் என் ஹார்டுவேர் கடையும் அப்படித்தான். பூட்டிய கடை வாசலில் நின்று எரிச்சல்படும் வெளியூர்க்காரர்களிடம், "இது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன பழக்கங்க" என்று பெருமையாகச் சொல்வேன்.

அந்த நம்பிக்கையில்தான் பாரிஸில் இறங்கிய முதல் நாள், மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டு எட்டு மணிக்குக் கடைவீதி போகலாம் என்று திட்டம் போட்டேன். போனால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மனைவியின் அண்ணன் அங்கே பல வருஷமாகக் குடியிருப்பவர். அவர் வீட்டில்தான் தங்கியிருந்தோம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, இங்க ஏழு மணிக்கே சாத்திடுவான். நீங்க இன்னும் பாண்டியிலயே இருக்கீங்க" என்றார். மனைவி சிரித்தாள். அவள் மகளும் சிரித்தாள், ஆனால் என்னைப் பார்த்து இல்லை. அம்மாவின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் மகள் என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம் கிளம்பியபோது நிலைமை அதுதான்.

என் மனைவிக்கு நான் இரண்டாவது கணவன். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டித் திரிந்தவன் நான். நிக்காஹ் முடிந்து நெல்லித்தோப்பு வீட்டுக்கு அவர்கள் இருவரும் வந்தபோது பிள்ளைக்குப் பத்து வயது. அவளைப் பெற்றவர் அதற்கு முன்பே தவறிவிட்டார். ஒரு சாயங்காலம், மகள் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு சார்ட் பேப்பர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தவரைக் கடலூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி இதை ஒரே ஒரு தடவை சொன்னாள். திரும்பச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரை அவள் அத்தா என்று கூப்பிட்டவள். அந்தச் சொல் அவருடையது, அதற்கு நான் ஆசைப்படக் கூடாது. நான் காரைக்கால்காரன், எங்கள் வீட்டில் தகப்பனை வாப்பா என்போம். நிக்காஹ் அன்றைக்கே என் அக்கா அந்தப் பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்து, "எங்க, வாப்பான்னு கூப்புடு பாப்போம்" என்றாள். பிள்ளை தரையைப் பார்த்தது. நான் அக்காவை முறைத்தேன். "அது வாயில எப்ப வருதோ அப்ப கூப்பிடட்டும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாகியும் அவள் வாயில் எதுவும் வரவில்லை.

மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வைப்பாள். ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டால் என் ஸ்கூட்டரில் ஏறி உட்காருவாள். ஆனால் என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் கிடையாது. சாப்பாடு தயார் என்றால் கதவருகில் வந்து இருமுவாள். அவளுக்கு எது வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான் வரும், "அவங்ககிட்ட சொல்லும்மா" என்று. வீட்டில் இருப்பதே மூன்று பேர், அதில் அந்த 'அவங்க' நான்தான். கடையில் நாள் முழுக்க பாய், அண்ணே, முதலாளி என்று யார் யாரோ கூப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளை கூப்பிடாதது இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மச்சான் கூப்பிட்டார் என்றுதான் ஊருக்குச் சொன்னேன். உண்மையில் நெல்லித்தோப்புச் சுவர்களை விட்டு வெளியே போனால் அவள் வாய் திறந்துவிடாதா என்ற நப்பாசையில்தான் டிக்கெட் போட்டேன். மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. விமானத்தில் அம்மாவிடம் சொன்னாள், "சாப்பாடு வாங்கறப்ப சான் போர்னு கேக்கச் சொல்லும்மா. பன்னி கலக்காததுன்னு அர்த்தம்." நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் விழுந்த பாடத்தை மனைவி எனக்கு மறுபடி ஒப்பித்தாள். நானும் நல்ல மாணவனாக சான் போர், சான் போர் என்று மனப்பாடம் செய்தேன்.

பாரிஸ் முடிந்து ஜெனீவா, அங்கிருந்து இத்தாலி என்பது எங்கள் திட்டம். ஜெனீவாவுக்கு வேகமான ரயில் இருக்கிறது. ஊர் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நின்று நின்று போகிற ரயில்களாகப் பார்த்து மாறி மாறி ஏற்றியது என் மூளை. விழுப்புரம் பாசஞ்சரில் போன ஞாபகம்தான், வேறென்ன. ஜன்னலுக்கு வெளியே மாடுகள் மேய்ந்தன, மலை கிட்ட வந்தது, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் ரயிலில் வருவதுபோல் வடை விற்கிறவர் யாரும் வரவில்லை. கையில் இருந்த பிஸ்கட்டும் தீர்ந்தது.

பெயர் வாயில் நுழையாத ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. சிலர் இறங்கி நிதானமாக சிகரெட் பற்றவைத்தார்கள். பிளாட்பாரத்தை ஒட்டியே ஒரு ரொட்டிக்கடை, கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக ரொட்டி.

"பசிக்குதும்மா" என்றாள் பிள்ளை, அம்மாவிடம்.

நம் ஊர் ஆம்பளைக்கு ஸ்டேஷன் வந்தால் கால் நிற்காது. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கவோ பொட்டலம் வாங்கவோ இறங்கியே ஆகவேண்டும். ரயில் அசைந்த பிறகு ஓடிவந்து கம்பியைப் பிடித்து ஏறினால்தான் குடும்பத் தலைவன் என்று பெயர். என் வாப்பா அப்படித்தான் ஏறுவார். அந்தப் பிள்ளைக்குப் பசி என்று தெரிந்த பிறகு நான் உட்கார்ந்திருந்தால் என்ன மனுஷன்? "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குதித்தேன். போன் சீட்டருகில் சார்ஜில் கிடந்தது. டிக்கெட்டெல்லாம் அந்த போனில். மூன்று பேர் பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில்.

கடைக்கார அம்மா ரொம்ப நல்லவர், வினையே அதுதான். நான் "சான் போர்?" என்று கேட்டதும் அவருக்கு என்ன சந்தோஷமோ, ஒவ்வொரு ரொட்டியாக எடுத்துக் காட்டி, இதில் இருக்கிறது, இதில் இல்லை என்று தலையாட்டி விளக்கத் தொடங்கினார். நானும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினேன். ஒரு நீள ரொட்டியைக் கையில் வாங்கும்போது வெளியே பீப் பீப் என்று சத்தம். காசை மேஜையில் போட்டுவிட்டு ஓடினேன். சிகரெட் பிடித்தவர்கள் ஒருவரும் பிளாட்பாரத்தில் இல்லை.

அந்த ரயிலில் பிடித்து ஏறக் கம்பி கிடையாது. கதவு மூடினால் மூடியதுதான். பொத்தானை அமுக்கினேன், கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே மனைவி எழுந்து நின்று ஏதோ கத்துகிறாள், கேட்கவில்லை. பிள்ளை கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து என்னையே பார்த்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ரயில் போய்விட்டது.

கையில் ரொட்டியோடு நின்றபோதுதான் நான் என்ன சொல்லிவிட்டு இறங்கினேன் என்று உறைத்தது. இவளுக்காக ஒன்று வாங்கிவரப் போன ஒருவர், இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வரவே இல்லை. இப்போது நானும் அதையே சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே காணாமல் போயிருக்கிறேன். பாஸ்போர்ட் இல்லாமல் அவர்கள் எல்லையில் மாட்டிக்கொள்வார்களே என்பதெல்லாம் பிறகுதான் தோன்றியது. முதலில் அந்த முகம்தான். யா அல்லா, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை இது வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஸ்டேஷனில் ஒரே ஓர் அலுவலர் இருந்தார். "முசே!" என்று அவரிடம் ஓடினேன். பாண்டிச்சேரியில் பிறந்தால் பிரெஞ்சு தானாக வரும் என்ற என் திமிர் அந்த இடத்தில் அடங்கியது. முசேயை விட்டால் போன்ழூர் என்கிற வணக்கம், மெர்சி என்கிற நன்றி, அப்புறம் சான் போர், இவ்வளவுதான் என் கையிருப்பு. மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். தண்டவாளத்தைக் காட்டினேன், நெஞ்சில் கை வைத்தேன், ரொட்டியைக் காட்டினேன். பன்றி பற்றி இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று அவர் நினைத்திருப்பார்.

அப்போது அவர் மேஜையில் போன் அடித்தது. பேசிக்கொண்டே என் சட்டையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கடைசியாக இடுப்புப் பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். போனை வைத்ததும், தோள் உயரத்தில் கையை நிறுத்தி ஒரு பெண்பிள்ளையைக் காட்டினார். பிறகு ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டி, இங்கேயே நில், நகரக் கூடாது என்று அதட்டிக் காட்டினார். அதட்டல் அவருடையது இல்லை என்று எனக்குப் புரிந்தது. அடுத்த ரயிலில் அவரே என்னை ஏற்றி, அதிலிருந்த கண்டக்டரிடமும் ஏதோ சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஸ்டேஷனில் இருவரும் இறங்கி நின்றார்கள். மனைவி பெட்டிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உட்காரவில்லை. ரயில் கதவு திறந்ததும் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க போனீங்க?"

"ரொட்டிம்மா... நீ பசிக்குதுன்னு..."

"உங்கள ரொட்டி கேட்டனா? நான் உங்ககிட்ட எதுனா கேட்டனா? அறிவு இருக்கா வாப்பா உங்களுக்கு? இங்க கதவு தானா சாத்திக்கும்னு தெரியாதா? இதோ வந்துடறேன், இதோ வந்துடறேன்னு சொல்லிட்டு எல்லாரும் இப்படித்தான் போவீங்களா?"

பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. மூச்சுவிட்டால்கூட அந்தச் சொல் திரும்பிப் போய்விடும் என்று பயமாக இருந்தது. மனைவி காதிலும் அது விழுந்திருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொன்னவளுக்கு மட்டும், தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. மூக்கு சிவந்து, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இல்லம்மா. இனிமே அப்படி சொல்ல மாட்டேன். எங்க போறேன், எப்ப வருவேன்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

"சொல்லாம போய்ப் பாருங்க." என் இடுப்பைக் காட்டினாள். "அந்தப் பைய குடுங்க. பாஸ்போர்ட்லாம் இனிமே நான் வச்சிக்கிறேன்."

கழற்றிக் கொடுத்தேன். பட்டையை இழுத்து இழுத்துச் சின்னதாக்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டாள். அப்புறம்தான் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் கை வைக்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் தலையில் வைத்தேன். தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "ரொட்டி சான் போர்தானே? கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. ரயிலை விட்டதே அதக் கேட்டுத்தான்."

சிரித்துவிட்டாள். இந்தத் தடவை என்னைப் பார்த்தே சிரித்தாள். பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த நீள ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, பொட்டு மிச்சமில்லாமல் காலியானது.

ரயில் பெட்டிக்குள் நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். அவள் திக்பிரமை பிடித்து நின்றிருக்கிறாள். மகள்தான் பெட்டி பெட்டியாக ஓடிக் கண்டக்டரைப் பிடித்திருக்கிறாள். அவர் அடையாளம் கேட்டதும், சட்டைக் கலர், மீசையில் ஒரு பக்கம் நரைத்தது, இடது செருப்பில் நான் போட்ட ஒட்டுத் தையல் வரை ஒன்று விடாமல் சொன்னாளாம். இவள் என்னை நிமிர்ந்தே பார்ப்பதில்லை என்று மூன்று வருஷமாக நான் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

ஜெனீவாவில் ஏரி பார்த்தோம். இத்தாலியில் தெருவெல்லாம் தண்ணீராக ஓடும் ஊரைப் பார்த்தோம். போகிற இடமெல்லாம் இடுப்புப் பையோடு அவள் முன்னால் நடந்தாள். "வாப்பா, இந்தப் பக்கம்", "வாப்பா, அங்க நிக்காதீங்க" என்று வழியெல்லாம் அதட்டல்தான். ஐரோப்பா எப்படி இருந்தது என்று மார்க்கெட்டில் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருந்தது என்கிறேன். எனக்குப் பாதி ஞாபகமில்லை.

இப்போது நெல்லித்தோப்பு வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று பஸ் கண்டக்டர் மாதிரி அறிவிக்கிறேன். "கடைக்குப் போறேன், ஒன்றரைக்கு வந்துடுவேன். தட்டாஞ்சாவடிக்கு சரக்கு எடுக்கப் போறேன், அசர் தொழுகைக்கு முன்னால வந்துடுவேன்." உள்ளேயிருந்து, போனிலிருந்து தலையை எடுக்காமலே, "சரி வாப்பா" என்று குரல் வரும். கடையில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஒரு நாள் லோடு இறக்கியதில் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. போன் அடித்தது. "வாப்பா, எங்க இருக்கீங்க?" என்றாள். குரலில் கோபம்தான் இருந்தது, ஆனால் அதன் அடியில் அந்த ரயில் ஜன்னலில் பார்த்த முகம் எனக்குத் தெரிந்தது.

அந்த போன் வர வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் தாமதமாகப் போகலாமா என்று சில நாள் ஆசை வரும். லோடு பாதியில் கிடந்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டு நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறேன்.