ஏழாகப் பிரித்தவர்

பாறசாலையிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை ரயிலில், நெய்யாற்றின்கரையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அவர். இஸ்திரி கலையாத சட்டை, நரை ஏறிய மீசை. என் மடியில் லேப்டாப். புதுக் கம்பெனியில் சேர்ந்து நான்கு நாளாகியும், ஏழு மாட்யூல் கொண்ட ப்ராஜெக்ட் என் கணினியில் பில்ட் ஆகி ஓடவில்லை. திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், சாப்பிட உட்காருபவர் போல இரு கைகளையும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மக்கா, நீ உள்ளுக்குள்ள கெடக்க ஒரு மாட்யூலை மட்டுமாக்கும் திறந்து வச்சிருக்க. வெளிய உள்ள பெரிய ஃபோல்டரைத் திற. பொறவு எல்லாத்துக்கும் பொதுவா உள்ள காமன் மாட்யூலை முதல்ல பில்ட் பண்ணு."

செய்தேன். பாலராமபுரம் தாண்டுவதற்குள் சிவப்பெல்லாம் மறைந்துவிட்டது.

"அண்ணே, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்த ப்ராஜெக்ட் முன்ன ஒண்ணாக் குழம்பிக் கெடந்தது. ஏழாப் பிரிச்சது நானாக்கும். ஆரு போனாலும் வேலை நிக்கப்பிடாதுண்ணு பிரிச்சேன்." சிரித்தார். "நிக்கல்ல. போன மாசம் இனி வேலைக்கு வரண்டாம்ணு பறஞ்சு என்னை வீட்டுக்கு விட்டாவ."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: "ஆபீசுல என் ஜன்னலோரச் சீட்டுல இப்பம் ஆரு?"

"தெரியல்லண்ணே" என்றேன். அதை எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

இறங்கும்போது திரும்பினார். "அந்தச் சீட்டுல பிளக் லூசாக்கும். சார்ஜர் நிக்காது. பேப்பர் மடிச்சு வச்சுக்கோ."

பேப்பரை மடித்து வைத்துச் சார்ஜரைச் செருகும்போதெல்லாம், அதற்குப் பதிலாக அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.