சித்தப்பா வழியாகப் பேசிய சம்பந்தம்

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் வரிசை வீடுகளின் லைன்காரர்கள் போட்ட நாடகத்துக்கு ஒலிபெருக்கி வைக்க வந்தவர் அவர். எல்லோரும் மைக்செட்காரர் என்றே கூப்பிட்டோம். குள்ளமான மனிதர். விதவிதமான பிளக் வைத்த குட்டி வயர்களை மாலையாகக் கழுத்தில் போட்டிருப்பார். பிளக்கும் சாக்கெட்டும் அவருக்கு மாப்பிள்ளையும் பெண்ணும்தான்.

அன்று பெங்களூரிலிருந்து வாடகைக்கு வந்த மைக்கின் பிளக், அவருடைய ஆம்பிளிஃபயரில் நுழையவில்லை. பக்கத்து லைனில் பாட்டுக் கச்சேரி முழங்கியது. எங்கள் கூட்டம் எழுந்து அங்கே நடக்கத் தொடங்கியது. ராஜா வேஷத்தில் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னா ராஜா, கண்ணு கலங்குது? இந்தச் சம்பந்தம் நேரா பேசினா ஒத்து வராது. சித்தப்பா வழியா பேசலாம், இருங்க,” என்றார்.

மாலையிலிருந்து ஒரு வயரை உருவி மைக்கில் மாட்டினார். அதன் மறுமுனையும் ஆம்பிளிஃபயருக்குப் பொருந்தவில்லை. அதோடு இன்னொரு வயரைச் சேர்த்தார். அது ‘டக்’கென்று உள்ளே உட்கார்ந்தது.

‘ஹலோ, ஹலோ’ என்று அவர் சொல்லவில்லை. விரலால் மைக்கை மூன்று முறை தட்டினார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில் ஆள் ஏறும்போது அடிக்கும் மணியின் கணக்கு அது. நடந்துகொண்டிருந்த ஷிப்ட் ஆட்கள் பழக்கதோஷத்தில் அப்படியே நின்று ஒருவரோடொருவர் நெருக்கிக்கொண்டார்கள். பிறகு வெடித்தது சிரிப்பு.

“எல்லாரும் ஏறிட்டீங்களா? கேஜ் கிளம்புது!”

கூட்டம் மொத்தமும் திரும்பியது. பக்கத்து லைன்காரர்களும் கூடவே வந்தார்கள். என் முதல் வசனத்துக்கே விசில் பறந்தது.

அவர் எப்போதாவது சுரங்கத்தில் இறங்கியவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று தட்டில் என் காலடியில் மேடை மேலே எழும்பியது.