கால் மாத்திரை

காய்ச்சலில் துவண்டு கிடந்த தன் தம்பிக்கு, அளவு மூடியில் ரெண்டு புள்ளி அஞ்சு மில்லி மருந்து ஊற்றப் போனாள் என் பேத்தி. புள்ளியை விட்டுவிட்டு இருபத்தைந்து என்று ஊற்றிவிடுவாளோ என்று பயந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது என் தங்கைக்கும் ஒருநாள் இப்படித்தான் உடம்பு கொதித்தது. டாக்டர் கால் மாத்திரை சொல்லியிருந்தார். அம்மா அரிவாள்மனையில் மாத்திரையைப் பாதியாக நறுக்கினாள். எனக்குப் பள்ளியில் அப்போதுதான் பின்னம் தொடங்கியிருந்தது.

"பத்தாதுங்கம்மா. அரைக்குக் கீழ ரெண்டு, காலுக்குக் கீழ நாலு. காலுதான் பெருசு."

"அப்படீங்களா வாத்தியாரே?"

அம்மா ஒரு பாதியை மறுபடி நறுக்கி, அரையையும் காலையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன்ற நாலு எது, காட்டு சாமி."

சின்னத் துண்டுதான் கால் என்று கண்டதும், அரையை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலதானுங்க அப்புச்சி. கையை உடுங்க, சிந்துது!" என்றாள் பேத்தி.

விட்டேன். மருந்து மூடியின் ரெண்டரைக் கோட்டில் நிற்கும்வரை மூச்சு விடவில்லை.