விக்கெட் கீப்பர் இல்லாத சுவர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் அம்பயர். மைதானத்தில் என்ன சண்டை வந்தாலும் இரண்டு கட்சியும் அவளிடம்தான் வந்து நிற்கும். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. கல்யாணமாகி, மகள் கல்லூரிக்குப் போகும் காலம் வந்தும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. கட்டினவரே அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலையும் பெயருக்குத் தகுந்தாற்போல அமைந்துவிட்டது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவு. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று குடியிருப்புக்காரர் கத்துவார். கதவிடுக்கில் செருப்பைச் செருகி வைத்தால் அது எப்படி ஓடும் என்று மெக்கானிக் கத்துவார். இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டு பேர் மனமும் நோகாமல் நியாயம் சொல்ல வேண்டியவள் அவள்.

அந்தப் பிரிவு முழுவதையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான் அடைந்துகிடந்த சின்ன அறையை ஒழித்து மேசை போட்டாள். ஒழிக்கும்போது அலமாரி உச்சியிலிருந்து ஒரு ஷூ டப்பா தலைமேல் விழாத குறையாக இறங்கியது. உள்ளே அவளுடைய கிரிக்கெட் அட்டைகள்.

சூயிங்கம் பாக்கெட்டில் ஒவ்வொன்றாக வந்தவை. ஒரு பக்கம் ஆட்டக்காரரின் படம், மறுபக்கம் அவர் எடுத்த ரன், விக்கெட், பிடித்த கேட்ச். இரண்டு பேர் ஆளுக்கொரு அட்டையை மறைத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் "ரன்!" என்பார். யாருடைய எண் பெரிதோ அவருக்கே இரண்டு அட்டையும். அப்படி ஆடி ஆடி, வகுப்புத் தோழிகளைக் கண்கலங்க வைத்துச் சேர்த்த சொத்து அது. ஒரு மாலை முழுவதும் வேலையை மறந்து தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் வந்த எல்லாருமே அவளிடம் இருந்தார்கள், ஒரே ஒரு விக்கெட் கீப்பரைத் தவிர. எத்தனை சூயிங்கம் மென்றும், தாடை வலித்ததுதான் மிச்சம். அவன் மட்டும் கடைசிவரை கையில் சிக்கவே இல்லை.

இதைச் சுவரில் மாட்டினால் என்ன என்ற எண்ணம் வரக் காரணம் மேனேஜர். வீடியோ மீட்டிங் நடுவில் அவர், "மேடம், உங்களுக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டார். பின்னால் நின்றது ஆளுயர ஈரக்கறை. அன்றே முடிவு செய்துவிட்டாள். அந்தக் கறையை மறைத்து, முதுகுக்குப் பின்னால் தன் ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்க வேண்டும். உலகம் பார்க்க வேண்டும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க வேணாம். சுவர் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. அட்டை எல்லாம் ஊறி உப்பிடும்."

"அப்ப அந்தப் பக்கம்?"

"அது ஜன்னலுக்கு நேரா இருக்கு. வெயில் பட்டா கலர் போயிடும். உன் ஆளுங்க எல்லாரும் வெளுத்துப் போய் நிப்பாங்க."

மிஞ்சியது மேசைக்கு எதிர்ச்சுவர். கேமரா பக்கம் அது வரவே வராது.

"அங்க மாட்டினா யாருங்க பாக்கறது?"

"நீ பாரேன். நீ பாக்கறதுக்குத்தானே சேர்த்த?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அட்டை கெட்டுப்போவதற்கு இது எவ்வளவோ மேல் என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. அட்டைகளுக்குப் பசை ஆகாது, டேப் ஆகாது. ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, முன்பக்கம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தகடு வைத்த, வரிசைக்கொரு மரச்சட்டத்துக்குள் அடுக்குவதாகத் திட்டம். சட்டங்களைக் கணவரே இழைத்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்குகிற மாதிரி செய்திருந்தார். டிரில்லை எடுத்தவர் முதல் ஓட்டையிலேயே தட்டகலத்துக்குச் சுவர்ப்பூச்சைப் பெயர்த்துக் காலடியில் கொட்டினார்.

"மூக்குக்கண்ணாடிக்கு ஓட்டை போடற கையா இது?" என்றாள்.

"மூக்குக்கண்ணாடி இப்படி உதிராது, அம்பயர்."

எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் அடுத்த தகராறு. அவள் மட்டையாளர், பந்துவீச்சாளர் என்று பிரித்தாள். கணவர் அட்டையின் நிறம் பார்த்து அடுக்கலாம் என்றார். அறைவாசலில் சாய்ந்து நின்ற மகள், "மீசையை வச்சு அடுக்கும்மா. மேல பெரிய மீசை, கீழ வர வரச் சின்ன மீசை, கடைசியில மழமழன்னு இருக்கறவங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுக்கிப் பார்த்தால் அதுவே அத்தனை அழகாக இருந்தது. நடுவில் மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விடச் சொன்னாள் அம்பயர். கீப்பருடைய இடம். அங்கே வேறு யாரையும் வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மீட்டிங்கில், மேனேஜர் புகார்கள் ஏறிக்கொண்டே போகும் கதையைச் சோகமாகப் படித்துக்கொண்டிருந்தார். இவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் மீசை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், நான் அழாத குறையா சொல்லிட்டிருக்கேன். நீங்க சிரிக்கிறீங்க?"

மறைக்க வழியில்லை. லேப்டாப்பைத் தூக்கி அப்படியே திருப்பிச் சுவரைக் காட்டினாள். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த ஸ்பின்னரைத் தெரியும், என் அக்காவிடம் இருந்தது, நான் தண்ணீர்த்தொட்டியில் தவறவிட்டேன் என்று ஒரே இரைச்சல்.

வேறொரு ஊரில் உதிரிபாகக் கிடங்கைக் கவனிக்கும் ஒருவர் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து கேமராவைப் போட்டதே இல்லை. கேட்டதற்கு மட்டும் ஓரிரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடங்கிவிடுவார். அன்று அவருடைய கட்டத்தில் வெளிச்சம் வந்தது. வழுக்கைத்தலையும் பெரிய கண்களுமாக ஒரு முகம்.

"மேடம், நடுவுல ஒரு இடம் காலியா இருக்கே. கீப்பர்தானே?"

"ஆமா சார்! எப்படித் தெரியும்?"

"அவன் என்கிட்ட இருக்கான்."

அம்பயர் திரைக்கு அருகே குனிந்தாள். "சார், எனக்குக் குடுத்துடறீங்களா?"

"மாட்டேன்," என்றார் கிடங்குக்காரர் பளிச்சென்று. "வேணும்னா ஆடி ஜெயிச்சு எடுத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்டம் குறித்தார்கள். ஆளுக்குப் பதினோரு அட்டை. கேமராவுக்கு முன்னால் காட்ட வேண்டும், அழைக்கிறவர் முறை மாறி மாறி வரும். அவள் ஜெயித்தால் கீப்பர் அவளுக்கு. தோற்றால் அவர் கேட்கும் ஓர் அட்டையைக் கொடுக்க வேண்டும். புகார்ப் பிரிவே சாப்பாட்டு டப்பாவும் கையுமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. மேனேஜர்கூட ஓரமாக ஒரு கட்டத்தில் மென்றுகொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் அவள் கைதான் ஓங்கியிருந்தது. ரன் என்றாள், விழுந்தது. விக்கெட் என்றாள், விழுந்தது. கிடங்குக்காரர் அசரவில்லை. மெதுவாகப் பிடித்து ஏறி, கடைசி அட்டைக்கு வரும்போது இருவரும் சமமாக நின்றார்கள். அழைக்கும் முறை அவருடையது.

"கேட்ச்," என்றார்.

அட்டையைக் காட்டினார். கீப்பர். பந்தயப் பொருளையே அணியில் இறக்கி, கடைசிவரை ஒளித்துவைத்திருந்திருக்கிறார்! விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிறவனோடு கேட்சில் யார் போட்டி போடுவது? அவள் கையில் இருந்தது பாவம், நின்ற இடத்தை விட்டு நகராத ஒரு குண்டு மட்டையாளர்.

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தியவள், சொன்னபிறகுதான் உதட்டைக் கடித்தாள். மீட்டிங் முழுக்கச் சிரிப்பு. கிடங்குக்காரர் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துவிட்டு, அவளுடைய இடது கை ஸ்பின்னரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகளுக்குக் கேட்டதும் ஆறவில்லை. "அவ்ளோ ஆசையா வச்சிருந்தியே, போச்சா? ஏம்மா ஆடின?"

"போனா போகட்டும்டி. என்னோட யாராவது இப்படி ஆடி எவ்ளோ வருஷமாச்சு தெரியுமா? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு."



ஸ்பின்னரை அனுப்பக் கணவர் சட்டத்தை இறக்கி, திருகாணிகளைக் கழற்றி, உறையோடு எடுத்துக் கொடுத்து, மறுபடி முடுக்கி மாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேறு ஓர் அட்டையை ஜெயித்தாள். மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். அதற்குள் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள், தன் தம்பியின் அட்டைகளைப் பறித்து வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வந்துவிட்டார். மேனேஜர் கடையில் புத்தம்புதுக் கட்டு ஒன்று வாங்கி நீட்டினார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய பஞ்சாயத்து நடந்து, கடைசியில் அம்பயரே தீர்ப்புச் சொன்னாள்: "பழைய ஆளுங்களோட பழைய அட்டைதான். சார் வேணும்னா ஸ்கோர் எழுதட்டும்." மேனேஜர் சந்தோஷமாகவே எழுதினார்.

திருகாணி திருகித் திருகிக் கணவருக்கு மணிக்கட்டு வலித்தது. ஒரு நாள் சட்டங்களை எல்லாம் கடைக்கு எடுத்துப் போய், மேல்பக்கத்தை அறுத்து, அட்டையை மேலிருந்து செருகி எடுக்கிற மாதிரி மாற்றிக் கொண்டுவந்தார். "இனிமே நீயாச்சு, உன் அட்டையாச்சு" என்றார். ஆனால் ஆட்டத்தை விட்டு அவரால் விலகி இருக்க முடியவில்லை. ஒருவழியாக அவள் ஜெயித்த கீப்பர் கூரியரில் வந்து இறங்கிய நாளில் உறையைப் பிரித்தவரே அவர்தான். இரண்டு வாரம் நடுவில் கம்பீரமாக நின்ற கீப்பர் மூன்றாவது வாரம் தோற்றுத் திரும்பிப் போனபோது, அவளைவிட அவர்தான் அதிகம் புலம்பினார்.

இப்போது சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இடம் காலியாகிறது, நிரம்புகிறது. மீசை வரிசை எப்போதோ குலைந்துவிட்டது. வியாழக்கிழமை மாலைகளில் அவள் நாற்காலியைச் சுவருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாளுக்கான அணியைத் தேர்ந்தெடுக்கிறாள். கிரிக்கெட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாத கணவர் பின்னால் வந்து நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார்.

"இவன் வேணாம், அம்பயர்."

"ஏங்க? எவ்ளோ ரன் எடுத்திருக்கான் பாருங்க."

"படத்தைப் பாரு, எப்படிக் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிறான். இவனுக்குத் தூரப்பார்வை சரியில்ல. பந்து எப்படித் தெரியும்?"

"அட்டையில நம்பர்தாங்க கணக்கு. அவன் கண்ணு இல்ல."

"கண்ணு தெரியாமலே இவ்ளோ எடுத்தானா?" அவர் குனிந்து மறுபடி பார்க்கிறார். "அப்ப கெட்டிக்காரன்தான். சேர்த்துக்கோ."