தலையணைக்குப் பதிலாக

புகைப்படக்கலை படிக்கப் போனவளிடம் அம்மா கேட்டது ஒரே ஒரு படம். "உன் முகம் தெளிவா தெரியணும்டி. நல்லா இருக்கியான்னு பாக்கணும்."

வாடகை அறையில் கேமரா பிடிக்க ஆளில்லை. நாற்காலியில் தலையணையை வைத்து ஃபோகஸ் செய்தாள். டைமரைத் தட்டி, ஓடிப்போய் தலையணையை வீசிவிட்டு உட்கார்ந்தாள். தலையணை குண்டு, இவள் ஒல்லி. ஃபோகஸ் தவறி, பேயே பயப்படும்படி படத்தில் முகம் கலங்கலாக விழுந்தது.

பக்கத்து அறை நர்ஸோடு இதுவரை தலையாட்டல்தான். கதவைத் தட்டினாள்.

"அக்கா, தலையணைக்குப் பதிலா கொஞ்சம் உக்காருவீங்களா?"

"இந்த ஊர்ல என்னை உக்காரச் சொன்ன முதல் ஆளு நீதான்."

ஃபோகஸ் செய்து முடித்தும் உட்கார்ந்த நர்ஸ் எழவில்லை. டைமரைத் தட்டிவிட்டு இவளே அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

படம் கிடைத்ததும் அம்மா அழைத்தாள். "முகம் தெளிவா இருக்குடி. பக்கத்துல யாரு?"

"பேரு தெரியலம்மா. இரு, கேட்டுட்டு வரேன்."