காலித் துப்பாக்கி என்று சொல்லாதீர்கள்

காலிதானாம்! காலித் துப்பாக்கிக்குப் போய் முதலாளியின் மச்சான் கையைத் திருகிவிட்டானாம் உமாபதி. பூஜை நாளும் அதுவுமாய்ச் சாமி முன்னால் ரகளை பண்ணினானாம். குழாயடியில் லோகாம்பாள் ஒரு குடத்துக்கு ஒரு தரம் இதைச் சொல்கிறாள். "மிலிட்டரிக்காரனுக்கு மூளை சூடாயிடுச்சிமா, எலுமிச்சம்பழம் தேய்க்கணும்" என்று கூடவே ஒரு வைத்தியமும். காலியாக இருந்தது என்றால் காலி செய்து வைத்தவன் யார்? அதைக் கேட்டால் மட்டும் அவளுக்குக் குடம் நிறைந்துவிடும், இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள்.

உமாபதி பட்டாளத்திலிருந்து வந்தவன். பட்டுப்புடவைக் கடை சீனிவாசனுக்கு மெய்க்காவல். பணமும் நகையுமாகக் காரில் போகிற மனிதர் அவர். ஒரு தடவை வழியில் மடக்கிக் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட ஆள் இவன். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பான். உட்கார மாட்டான். கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள், "இன்னாபா, என் வளையலையே பாத்துக்கினு நிக்கிறே?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். கையைக் கூப்பி, "வளையல் இல்லமா, கை" என்றான். அது அவளுக்கு இன்னும் கோபமாகப் போயிற்று.

துப்பாக்கி வாங்கப் போன கதையைத் தெருவே சிரித்துச் சிரித்துச் சொல்கிறது. சிரிக்க அதில் என்ன இருக்கிறதோ! சீனிவாசன் ஆசைப்பட்டது இரட்டைக்குழல் துப்பாக்கி. கட்டை பளபளவென்று, தோளில் மாட்டினால் தெருக்கோடி வரைக்கும் தெரிய வேண்டும்.

"பாக்கறவன் நடுங்கணும்பா" என்றார்.

"அதுக்கு ஒரு நாய் வாங்கிக் கட்டுங்க மொதலாளி. கருட சேவைக் கூட்டத்துல உங்களுக்கு ஒண்ணுன்னா, நான் ஒரு கையால உங்களத் தள்ளிக்கினு ஓடணும். ரெண்டு கையாலயும் அதப் புடிச்சிக்கினு இருந்தா உங்கள யாரு புடிக்கிறது? போதாததுக்கு அது சுட்டா சிதறும். ஒருத்தனுக்குக் குறி வெச்சா ஊருக்கே படும்."

கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் அடக்கிப் பார்த்தான். விரல் இழுக்காமல் விசைக்கு எட்டுகிறதா, சட்டைக்குள் துருத்துகிறதா என்று பார்த்தான். வியர்த்த கைக்கு வழுக்குமா என்று கையை நனைத்துக்கொண்டு கூடப் பிடித்துப் பார்த்தான். கடைசியில் அவன் எடுத்தது ஒரு சின்ன ரிவால்வர். குறி பார்க்கச் சுவர்ப்பக்கம் நீட்டப் போனவன் நின்றுவிட்டான். "இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இன்னா இருக்குது?" என்றான். டிபன் கடை என்றார்கள். உடனே தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். தோட்டா போடாத புதுத் துப்பாக்கி அது!

அன்றிலிருந்து அவனுக்குத் தெருவில் பேர் 'அந்தாண்ட'. பேர் வைத்தவர்களை என்ன சொல்வது? இங்கே வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் ஓடுகிற தறி நின்று, "இன்னா, உடம்பு சரியில்லியா?" என்று குரல் வருகிறது. இந்த ஊரிலா அந்தக் கேள்விக்குச் சிரிப்பது?

வீட்டில் தோட்டா ஒரு பூட்டில், துப்பாக்கி வேறொரு பூட்டில். சாவி இருக்கும் இடம் பெண்டாட்டி காவேரிக்கே தெரியாது. "தாலி கட்டிக்கினவளவிட அந்தச் சாவிதான் ஒசத்தி" என்று அவள் கரண்டியைத் தட்டி வைப்பாள், அவன் சிரித்துக்கொண்டே சாப்பிடுவான். கல்யாண வீட்டில் ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ள மாட்டான். தேர்தல் வந்தால் சட்டப்படி முதல் ஆளாகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவான். அதற்கும் லோகாம்பாள், "போலீஸ்காரன் புடுங்கிக்கினானாம்" என்றாள்.

ஐயம்பேட்டைப் பக்கம் இரண்டு தடியன்கள் பைக்கைக் குறுக்கே போட்டுக் காரை மறித்தார்களே, அன்றைக்கு அவன் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. சீனிவாசனைக் கழுத்தில் கை வைத்துக் காருக்குள் கீழே அழுத்திவிட்டு, "பின்னால எடு, நிக்காத!" என்று டிரைவரை விரட்டி வண்டியை ஊருக்குத் திருப்பிவிட்டான். முதலாளிக்குச் சட்டையில் ஒரு பொத்தான் போனது, அவ்வளவுதான். நன்றி சொல்ல வேண்டிய மனிதர் என்ன கேட்டார் தெரியுமா? "எடுத்துக் காட்டியிருந்தா ஓடியிருப்பானுங்க இல்ல?"

"ஓடலன்னா சுடணுமே மொதலாளி. அவனுங்களுக்குப் பின்னால பஸ்ஸுக்கு ஜனங்க நின்னுக்கினு இருந்தாங்க."

பயந்தாங்கொள்ளி என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, கத்தரிக்கோல், பில் போடுகிற கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சீனிவாசனின் அம்மா காமாட்சியம்மாள் உமாபதியைக் கூப்பிட்டாள். "ஆயுத பூஜைன்னு பேர வெச்சிக்கினு, இருக்கிற ஒரே ஆயுதத்த நீ இடுப்புல சொருகிக்கினு நின்னா எப்படிப்பா? வை."

"வேணாம்மா. அது கீழ வெக்கிற பொருள் இல்ல."

"என் புள்ள உசுரக் காக்குறது. அதுக்கு நான் ஒரு பொட்டு வெக்கக் கூடாதா?" கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கேதான் அவன் தப்புச் செய்தான். அவன் செய்த ஒரே தப்பு. வெளியே போய்த் தோட்டாவை எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஓட்டை ஓட்டையாக விரலை விட்டுத் தடவினான். சுவருக்கு அந்தாண்ட இருந்தவர்களை வெளியே வரச்சொன்னான். பிறகுதான், வாய் சுவரைப் பார்க்க, பலகையில் வைத்துப் பக்கத்திலேயே நின்றான். கற்பூரத் தட்டு வந்தது. எல்லாரையும் போல இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

அவன் கண் மூடியிருந்த அந்த நேரத்தில், முதலாளியின் மச்சான் பிரேம்நாத் துப்பாக்கியை எடுத்துவிட்டான். ஒரு கையில் செல்போன். குங்குமம் வைத்த துப்பாக்கியோடு வீடியோ வேண்டுமாம். புடவை மடிக்கிற ஏலவார்குழலி பொரித்தட்டோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டி, "ஏய், கையத் தூக்கு!" என்றான். விசையில் விரல். தட்டை நழுவவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொரியும் கடலையும் தரையெல்லாம் சிதறின. கடையே சிரித்தது.

உமாபதி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். தரைப்பக்கம் திருப்பினான், பிடுங்கினான். பிரேம்நாத் அலறினான். கை ஒடியவில்லை, சுளுக்கிக்கொண்டது.

"காலிதானேப்பா!" என்று சீனிவாசன் கத்தினார். "நீயே காலி பண்ணிட்டு நீயே இந்த ஆட்டம் ஆடுறே? எம் மச்சான் அவரு. மன்னிப்புக் கேளு. கேட்டா வேல இருக்குது, கேக்கலன்னா இல்ல. வெளிய எவங்கிட்டயும் நீ வேலைக்கு நிக்க முடியாதபடி பண்ணிடுவேன்."

செய்யக்கூடியவர்தான். கெட்ட பேர் விழுந்த காவல்காரனை எவன் பக்கத்தில் வைத்துக்கொள்வான்? அது உமாபதிக்குத் தெரியாதா? சந்தனம் அப்பிய துப்பாக்கியை உறையில் செருகினான். நாலு பேர் பார்க்கப் பிரேம்நாத்தைத் தாண்டிப் போனான். ஏலவார்குழலிக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"எம்மேல தப்புமா" என்றான். "என் பொருளு. கண்ண மூடினது நானு. மன்னிச்சிக்கோ."

கவிழ்ந்து கிடந்த தட்டை அவன் நிமிர்த்தினான். சிதறின பொரியை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினான். மேசைக்கடியில் உருண்டுபோன கடலையைக் கூட எட்டி எடுத்து, தூசியை ஊதித் தட்டில் போட்டான். தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து, வாசலைத் தாண்டிப் போனான்.